மூச்சதிகாரம்: சிக்கன டைவருக்கான ரெகுலேட்டர் இலக்கணம்

பாயிரம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும். பாயிரம் இல்லாத நூலைப் பண்டிதர் தொடமாட்டார். நீண்ட பாயிரம் உள்ள நூலை மற்றவர் தொடமாட்டார். ஆகவே குறுகச் சொல்லி முடிக்கிறேன்.

நூலின் பெயர் மூச்சதிகாரம். நுதலிய பொருள், கடலுக்கடியில் மூச்சுவிட உதவும் ஸ்கூபா ரெகுலேட்டர். வழங்கும் எல்லை: வடக்கே முருடேஸ்வரத்துக்கு எதிரில் உள்ள நேத்ராணித் தீவு, தெற்கே மாலத்தீவு, கிழக்கே தாய்லாந்தின் கோ தாவ், மேற்கே லட்சத்தீவின் கட்மத். நடுவில் புதுச்சேரியும் திருகோணமலைப் புறாத்தீவும் அந்தமானின் ஹேவ்லாக்கும் அடங்கும். ஹேவ்லாக்குக்கு 2018இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் வைத்துவிட்டார்கள். டைவர்கள் இன்னும் ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறார்கள். வழக்கை ஒட்டியே இலக்கணம் என்பதால் நானும் அப்படியே சொல்வேன். இந்த எல்லைக்குள் கடல்நீர் ஏறத்தாழ 26 முதல் 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும். இந்த ஒரு வரியை மறந்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள்தான் ஐஸ்லாந்துக்குப் போகிறவரைப் போல ரெகுலேட்டர் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

கேட்போர் யாரெனின், மாதச் சம்பளத்தில் வாழ்ந்து, ஓபன் வாட்டர் அட்டை வாங்கி, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை லீவு போட்டு விமானம் ஏறுபவர். அந்த அட்டை 18 மீட்டர் வரை அனுமதிக்கும். அட்வான்ஸ்டு முடித்தால் 30. பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லை 40. அதற்கும் கீழே போகிறவர்கள், குகைக்குள் நுழைகிறவர்கள், பனிக்கட்டிக்கு அடியில் நீந்துகிறவர்கள் ஆகியோருக்கு வேறு நூல் உண்டு, அதன் விலையும் வேறு.

பயன்: மூச்சும் காசும் மிஞ்சுதல்.

பொருளியல்பு

சமையலறை கேஸ் சிலிண்டரின் தலையில் உட்கார்ந்திருக்கும் ரெகுலேட்டர் என்ன வேலை செய்கிறதோ, அதே வேலைதான் இதற்கும். உள்ளே கடுமையான அழுத்தம், வெளியே அடங்கிய அழுத்தம். ஒரே வேறுபாடு, அடுப்பு இருந்த இடத்தில் இருக்கும்; டைவர் இறங்கிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் தண்ணீர் ஒரு பார் அழுத்தத்தைக் கூடுதலாக மார்பின்மேல் ஏற்றும். 20 மீட்டரில் மொத்தம் 3 பார். அங்கே நுரையீரல் விரிய வேண்டுமானால் காற்றும் 3 பாரில் வந்தாக வேண்டும். டேங்கில் இருப்பதோ 200 பார். அதை அப்படியே வாயில் வாங்கினால் நூல் இங்கேயே முடிந்துவிடும்.

ஆகவே இரண்டு படிகள். டேங்கின் கழுத்தில் பூட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், 200 பாரைச் சுற்றியிருக்கும் நீரின் அழுத்தத்துக்கு மேல் 9 அல்லது 10 பார் என்ற அளவுக்கு இறக்கிக் குழாயில் அனுப்பும். வாயில் கடித்திருக்கும் செகண்ட் ஸ்டேஜ் அதையும் இறக்கி, இழுக்கும்போது மட்டும், இழுக்கும் அளவுக்கு மட்டும் கொடுக்கும்.

கருவியின் குலமுறையையும் சொல்லிவிட வேண்டும். 1860களில் பிரான்ஸ் நாட்டுச் சுரங்கப் பொறியாளர் பெனுவா ருக்கேரோலும் கடற்படை அதிகாரி ஒகுஸ்த் தெனெருஸும் செய்தது பாட்டன். 1943இல் ழாக் கூஸ்தோவுக்காக எமில் கஞான் செய்துகொடுத்த வால்வு தந்தை. போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்தில் எரிவாயுவில் ஓடிய கார்களுக்காக அவர் உருவாக்கிய வால்விலிருந்து பிறந்தது அது. தலைக்கு இருபுறமும் தடித்த குழாய் வந்த அந்த வடிவத்தை விட்டு, 1952இல் மெல்போர்னில் டெட் எல்ட்ரட் ‘போர்பாய்ஸ்’ என்ற ஒற்றைக்குழாய் ரெகுலேட்டரை விற்கத் தொடங்கினார். இன்று கடையில் தொங்குபவை எல்லாம் அந்த மரபுதான். எழுபது ஆண்டுகளாகத் தேய்த்துத் தேய்த்து மெருகேறிய சரக்கு. இதில் விலை குறைந்ததும் நன்றாகவே மூச்சு தருவதற்குக் காரணம் இந்தப் பழமை. ‘புரட்சிகரமான புதுமை’ என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தால் அந்தச் சொற்களுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம் என்று கொள்க.

ஆளியல்

ரெகுலேட்டரைப் பகுப்பதற்குமுன் அதை வாங்குபவரைப் பகுக்க வேண்டும். மற்ற நூல்கள் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் வழுக்கள் மலிந்தன.

வாங்கியும் குளியார் குளித்தும் வாங்கார்
வாங்கிக் குளிப்போர் எனமூ வகையே.

இஃது என் கூறிற்றோ எனின், டைவர்களின் மூவகை கூறிற்று.

வாங்கியும் குளியாதவர், அட்டை கையில் வந்த அதே மாதம் ரெகுலேட்டர் வாங்கியவர். கோர்ஸ் முடிந்த மயக்கம் தெளிவதற்குள் கடைக்காரர் பில் போட்டுவிடுவார். அதன்பின் கல்யாணம், வீட்டுக்கடன், குழந்தை, புது மேனேஜர். ரெகுலேட்டர் பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் உறங்கும். உறங்கினாலும் அதற்கு வயதாகும் என்பது பலருக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் ஓ-ரிங்குகளும் வால்வு இருக்கைகளும் பயன்படுத்தாவிட்டாலும் தளரும். அதனால்தான் கம்பெனிகள் ‘இத்தனை டைவ் அல்லது இத்தனை ஆண்டு, எது முந்தியோ அது’ என்று சர்வீஸ் கணக்கு வைத்திருக்கின்றன.

குளித்தும் வாங்காதவரை இளக்காரமாகப் பார்க்கும் வழக்கம் நம் படகுகளில் உண்டு. அது அறியாமை. நம் எல்லைக்குள் பெரும்பாலான டைவ் ஷாப்கள் சொல்லும் கட்டணத்தில் உபகரணமும் அடக்கம். சொந்த ரெகுலேட்டர் கொண்டுபோனால் சில இடங்களில் கொஞ்சம் குறைப்பார்கள், சில இடங்களில் சிரித்துவிட்டு அதே கட்டணத்தை வாங்குவார்கள். ஆண்டுக்குப் பத்து டைவுக்குக் குறைவாகப் போகிறவர் வாடகையில் போவதே முறை என்பது என் துணிபு. அவர் முதலில் முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க் வாங்கட்டும், அடுத்து டைவ் கம்ப்யூட்டர். ரெகுலேட்டர் மூன்றாவது.

இவ்வகைக்குள் ஓர் உட்பிரிவு உண்டு: எச்சில் கூசுவோர். ‘யார் யாரோ கடித்ததை நான் எப்படிக் கடிப்பேன்?’ என்ற ஒரே காரணத்துக்காக முழு ரெகுலேட்டரும் வாங்கத் துணிபவர்கள். இவர்களுக்கு மருந்து, சில நூறு ரூபாயில் கிடைக்கும் சிலிக்கான் மவுத்பீஸும் ஒரு பிளாஸ்டிக் டையும். படகேறுமுன் கடையில் சொன்னால் பழையதை வெட்டி எடுத்து இதை மாட்டித் தருவார்கள். மற்றபடி முன்னவர் கடித்த சிலிக்கான் ஒன்றுதான் எச்சில். உள்ளே இருக்கும் பிஸ்டனை யாரும் கடித்ததில்லை.

மூன்றாமவரான வாங்கிக் குளிப்போருக்கே இனி வரும் இயல்கள். இவர் ஏன் வாங்க வேண்டும்? வாடகை ரெகுலேட்டர் கெட்டது என்பதால் அன்று. அதன் வரலாறு தெரியாது என்பதால். நேற்று அதை மணலில் போட்டவர் யார், போன வாரம் அது சொட்டு விட்டபோது யார் எப்படி ஒட்டுப்போட்டார் என்பது உங்களுக்குத் தெரியாது. சொந்தப் பொருளின் மூச்சுக்கனம் பழகிவிடும்; ஒருநாள் அது மாறினால் உடனே தெரியும். அந்தத் தெரிதலுக்குத்தான் காசு.

முதல்நிலையியல்

பிஸ்டன் என்றா டயஃப்ரம் என்றா
இருபாற் படுமே முதல்நிலை, அவைதாம்
சமன்செய் ததுவும் செய்யா ததுவுமென
நாலாய் விரியும் நாடுங் காலே.

பிஸ்டன் வகையில் ஓர் உலோகத் தண்டும் ஒரு ஸ்பிரிங்கும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அழுத்தத்தை அளக்கின்றன. டயஃப்ரம் வகையில் தடித்த ரப்பர்த் தகடு ஒன்று கடல்நீருக்கும் வால்வுக்கும் நடுவில் நிற்கிறது. உப்பும் மணலும் தகட்டோடு நின்றுவிடும், உள்ளே போகா. ஆனால் உறுப்புகள் கூடுதல். பிஸ்டனில் உறுப்புகள் குறைவு. சமன் செய்யாத பிஸ்டனில் வால்வாக அசைவது ஒன்றே ஒன்றுதான். கடல்நீர் ஸ்பிரிங் அறைக்குள் வந்து போகும் என்பதால், நன்றாக ஊறவைத்து அலசாவிட்டால் உப்புப் பொருக்குக் கட்டும்.

சமன் செய்தல் என்றால் என்ன? சமன் செய்யாத பிஸ்டனில் டேங்கின் அழுத்தமும் வால்வைத் திறக்கும் பக்கமாகத் தள்ளிக் கை கொடுக்கிறது. டேங்க் காலியாகக் காலியாக அந்தக் கை தளரும். குழாயில் வரும் அழுத்தம் சற்றுக் குறையும். கடைசி 50 பாரில் மூச்சு ஒரு பிடி கனக்கும். சமன் செய்த வகையில் டேங்கின் அழுத்தம் கணக்கிலேயே வராதபடி வால்வை அமைத்திருப்பார்கள். 200இலும் 50இலும் ஒரே மூச்சு.

இங்கே உரைகாரர் இரண்டுபடுவர். கடைக்காரர் மதம்: சமன் செய்த டயஃப்ரமே மூச்சு, மற்றவை பொம்மை. பழைய பயிற்றுநர் மதம்: சமன் செய்யாத பிஸ்டனில்தான் நாங்கள் எல்லோரும் கற்றோம், ஒருவரும் சாகவில்லை. கடைக்காரருக்கு லாபம் இருக்கிறது, பயிற்றுநருக்குப் பிடிவாதம் இருக்கிறது. இருவரையும் விட்டுவிட்டு ஐரோப்பியத் தர அளவான இ.என். 250ஐப் பார்ப்பதே முறை.

அந்தச் சோதனையில் ரெகுலேட்டரை 50 மீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தத்தில் வைத்து, டேங்கில் 50 பார் மட்டும் இருப்பதுபோலச் செய்து, நிமிடத்துக்கு 62.5 லிட்டர் காற்றை ஓர் இயந்திரத்தால் இழுக்க வைக்கிறார்கள். மூச்சை இழுத்து விடும் மொத்த உழைப்பு லிட்டருக்கு 3 ஜூலுக்கு மேல் போகக்கூடாது. 62.5 லிட்டர் என்பது ஓடிவந்து இரைக்கிறவன் இழுப்பது. ஹேவ்லாக்கின் நீமோ ரீஃபில் ஒரு கிளிமீனை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இழுப்பதில்லை. பெயர் பெற்ற கம்பெனிகளின் மிக மலிவான மாடல்களும் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் சந்தைக்கு வருகின்றன.

மேலும் ஒன்று. சமன் செய்யாததன் குறை டேங்க் காலியாகும்போதுதான் தலைகாட்டும். ஒழுங்காகத் திட்டமிட்டு இறங்கியவர் அந்த நேரத்தில் எங்கே இருப்பார்? 5 மீட்டரில், மூன்று நிமிட சேஃப்டி ஸ்டாப்பில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகுக்காரர் டீ போட்டாரா என்று யோசித்துக்கொண்டிருப்பார். அங்கே காற்றுத் தேவை மிகக் குறைவு. குறை தெரிய வேண்டிய வேளையில் அதற்கு வேலையில்லை.

கடா: 30 மீட்டரில் துணைவருக்குக் காற்றுத் தீர்ந்து, இருவரும் ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து பதற்றத்தோடு இழுத்தால்?

விடை: நல்ல கேள்வி. இந்த ஒரு கேள்வியைத்தான் கடையில் கேட்க வேண்டும். இ.என். 250இன் 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தில், துணைவருக்கான உபரி செகண்ட் ஸ்டேஜாகிய ஆக்டோபஸையும் சேர்த்துச் சோதித்துத் தேறியவற்றுக்கு எண்ணின் பின்னால் ‘ஏ’ என்ற எழுத்து உண்டு. ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் உடலிலேயே பொறித்திருப்பார்கள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் தேடுக. அடிக்கடி 30 மீட்டருக்கு, அதுவும் மாலத்தீவின் நீரோட்டங்களுக்குள் போகிறவர் சமன் செய்ததையே வாங்கலாம். விலை இடைவெளி முன்போல் பெரிதில்லை. அப்பெக்ஸ் டிஎஸ்4, அக்வாலங் டைட்டன் போன்ற சமன் செய்த டயஃப்ரங்கள் இந்த இடத்துக்கு உரியவை. மற்றவருக்கு ஸ்கூபாப்ரோ எம்கே2, க்ரெஸ்ஸி ஏசி2 போன்ற எளிய பிஸ்டன்கள் போதும். எம்கே2இல் டேங்க் அழுத்தம் காட்டும் கேஜுக்கு ஒரு துளை, குறைந்த அழுத்தக் குழாய்களுக்கு நான்கு. நமக்கு வேண்டியது செகண்ட் ஸ்டேஜ், ஆக்டோபஸ், பிசிடி என்ற மிதவைச் சட்டை என மூன்று. ஒரு துளை மிச்சம் வேறு. இதற்குமேல் துளைகள், சுழலும் தலை, எம்கே25 போன்ற சமன் செய்த பிஸ்டனின் காற்று வேகம் எல்லாம் நம் எல்லைக்கு மிகை.

குளிர்நீர்க் காப்பு என்று ஒன்றைக் காட்டுவார்கள். காற்று விரியும்போது குளிரும். 10 டிகிரிக்குக் கீழான நீரில் ஃபர்ஸ்ட் ஸ்டேஜைச் சுற்றி நீர் உறைந்து வால்வு திறந்தபடி நின்றுவிடக்கூடும். அதைத் தடுக்க அந்த அறையை நீர் புகாமல் மூடிவிடுவதே அக்காப்பு. புறாத்தீவில் பனி உறைவதில்லை. மூடிய அறைக்குள் உப்பும் சேறும் போகாது என்ற பக்க நன்மை உண்டு, அதை மறுக்கவில்லை. அந்த நன்மையை வாளித் தண்ணீரும் கொஞ்சம் பொறுமையும் ஏறக்குறைய இலவசமாகத் தரும்.

டைட்டானியம் இலேசானது, துருப்பிடிக்காது, விலையுயர்ந்தது. குரோமியம் பூசிய பித்தளை கனமானது, பராமரித்தால் நெடுநாள் வரும். இதற்குமேல் டைட்டானியத்தைப் பற்றிப் பேசுவது நம் பாயிரத்துக்கு விரோதம்.

புணரியல்

ரெகுலேட்டரின் ஈறும் டேங்கின் முதலும் சேர்வது புணர்ச்சி. யோக் என்பது டேங்கின் தலையைக் கவ்விப் பின்னால் ஒரு திருகால் இறுகுவது. டின் என்பது ஜெர்மன் தர நிறுவனத்தின் அளவுப்படி டேங்கின் வாய்க்குள் மரையாகத் திருகிக்கொள்வது.

யோக் டேங்கோடு யோக் ரெகுலேட்டர் சேர்ந்தால் இயல்பு புணர்ச்சி. எதுவும் தோன்றாது, திரியாது, கெடாது. நம் எல்லைக்குள் படகில் அடுக்கியிருக்கும் 11 லிட்டர் அலுமினிய டேங்குகள் பெரும்பாலும் இதற்கு உரியவை. யோக்கின் உச்ச அளவு 232 பார். நமக்குத் தருவது 200. கணக்கு இடிக்கவில்லை.

விகாரம் மூன்று. டின் ரெகுலேட்டரை யோக் டேங்கில் பூட்ட நடுவில் அடாப்டர் வருவது தோன்றல். கனமும் நீளமும் கூடும். அண்ணாந்து பார்க்கும்போது பின்மண்டையில் இடிப்பதை வைத்து இவ்விகாரம் நிகழ்ந்ததை உணரலாம். சில டேங்குகளின் வாயில் ஒரு பித்தளைச் செருகி இருக்கும். ஆலன் சாவியால் அதைக் கழற்றினால் டின் நேராக ஏறும், இது கெடுதல். சில செருகிகள் உப்பில் ஊறி ஊறி டேங்கோடு ஒன்றாகிவிட்டிருக்கும். காலை ஏழு மணிக்குப் பத்துப் பேர் காத்திருக்கும் படகில் அதைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள், கெடுவது வேறொன்றாக இருக்கும். மூன்றாவது திரிதல். டின் டேங்கில் டின்னைத் திருகுவது. மெய்யாகவே சிறந்த புணர்ச்சி இதுதான், ஏனெனில் இதன் ஓ-ரிங் ரெகுலேட்டருக்குள்ளேயே சிறைப்பட்டுப் பாதுகாப்பாக இருக்கிறது.

யோக்கில் ஓ-ரிங் டேங்கின் முகத்தில் இருப்பதால் ஓர் ஒலிப்பிறப்பு உண்டு. நாளெல்லாம் வெயிலில் காய்ந்து, பத்து ரெகுலேட்டர்களால் நசுங்கி, ஓரத்தில் மயிரிழை பிளந்த ஓ-ரிங் அது. நீங்கள் யோக்கைப் பூட்டி, வால்வை மெல்லத் திறக்கிறீர்கள். முள் 200ஐத் தொடுகிறது. பிறகு கழுத்துப் பக்கம் ‘ஃ’ என்று ஓர் ஒலி. இதுவே ஆய்தம். பதற வேண்டாம். வால்வை மூடி, செகண்ட் ஸ்டேஜின் முகத்தில் உள்ள பர்ஜ் பட்டனை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, யோக்கைக் கழற்றி, ஓ-ரிங்கை மாற்றிப் பூட்டினால் ஆய்தம் அடங்கும். டேங்குக்கான ஓ-ரிங் நாலைந்தைப் பையில் வைத்திருப்பவரைப் படகு முழுதும் மதிக்கும். அவற்றின் விலை ஒரு காபிக்கு வராது.

தீர்ப்பு: நம் எல்லைக்கு யோக். ஐரோப்பாவில் அடிக்கடி டைவ் செய்யும் உறவினர் வீட்டில் தங்கப் போகிறவர் மட்டும் டின்னும் அடாப்டரும்.

இரண்டாம்நிலையியல்

இங்கே விரிக்க அதிகம் இல்லை. வாயில் இருப்பது இலேசாக இருக்க வேண்டும், இரண்டாம் டைவ் முடியும்போது தாடை வலிக்கக்கூடாது. பிளாஸ்டிக் உடல் இலேசு, மலிவு. உலோக உடல் கனம், ஆனால் நாம் விடும் மூச்சின் ஈரம் அதன் குளிர்ந்த சுவரில் படிந்து, அடுத்து இழுக்கும் வறண்ட காற்றைக் கொஞ்சம் நனைக்கும். தொண்டை காயும் தொல்லை குறையும். மூச்சுக்கனத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடி முழுகாது.

ஒரு சிறிய நெம்பு மட்டும் பயில வேண்டியது. பெரும்பாலும் கூட்டல், கழித்தல் குறி போட்டிருக்கும். மவுத்பீஸ் மேல்நோக்கியபடி செகண்ட் ஸ்டேஜ் தண்ணீரில் விழுந்தால், யாரும் இழுக்காமலே காற்றுக் கொட்டத் தொடங்கி நிற்காமல் கொட்டும். மாத்திரை கடந்து நீளும் இவ்வொலியை இலக்கணத்தார் அளபெடை என்பர், டைவர்கள் ஃப்ரீஃப்ளோ என்பர். நெம்பைக் கழித்தலில் வைத்துவிட்டுக் கடலில் குதித்தால் அளபெடை பிறக்காது. பிறந்துவிட்டால் மவுத்பீஸைக் கீழ்நோக்கித் திருப்புக, அல்லது விரலால் வாயை அடைக்க.

சார்பியல்

முதலைச் சார்ந்து வருவன: ஆக்டோபஸ், குழாய், கேஜ்.

ஆக்டோபஸ் மஞ்சளாக இருக்க வேண்டும், நீளக் குழாயோடு இருக்க வேண்டும், மலிவாக இருக்கலாம். காற்றுத் தீர்ந்தவர் பிராண்ட் பார்ப்பதில்லை.

குழாயில் பயணிகளை மயக்குவது பின்னல் வகை. ரப்பரைவிட இலேசு, எப்படியும் மடங்கும், நிறம் நிறமாகக் கிடைக்கும். ஆனால் இவற்றுள் சிலவற்றின் பாலியூரித்தேன் உட்குழாய் நாளடைவில் சிதைந்து படிகமாகிக் காற்றை அடைத்த நிகழ்வுகளை டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற பாதுகாப்பு அமைப்பு எழுதி எச்சரித்திருக்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பழைய கறுப்பு ரப்பர்க் குழாய் வெடிப்பு விட்டு, வீங்கி, வயதை வெளியே காட்டிவிடும். மலிவான பொருள் உண்மை பேசுகிறது. நான் அதன் பக்கம்.

தொகையியல்

கடைகள் ஃபர்ஸ்ட் ஸ்டேஜும் செகண்ட் ஸ்டேஜும் ஆக்டோபஸும் கேஜும் ஒரு பையும் சேர்த்து விற்பது உம்மைத்தொகை. தனித்தனியே வாங்குவதைவிடப் பெரும்பாலும் குறைவாகவே வரும். பையை மட்டும் மதிப்பிடும்போது எச்சரிக்கை. அது நல்ல பையாக இருப்பது அரிது.

ஆனால் ரெகுலேட்டரின் விலை என்பது வினைத்தொகை. ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகிற காய், ஊறும் காய் என மூன்று காலமும் ஒளிந்திருப்பதுபோல, இந்த விலைக்குள்ளும் மூன்று காலம் ஒளிந்திருக்கிறது.

இறந்தகால விலை பில்லில் இருப்பது. எளிய பிஸ்டனும் எளிய செகண்ட் ஸ்டேஜும் சேர்ந்த ஜோடி வெளிநாட்டில் சுமார் 200 முதல் 350 டாலருக்குள் கிடைக்கும். உச்சியில் இருப்பவை 1,000 டாலரை நன்றாகத் தாண்டும். இந்தியாவில் வாங்கினால் சுங்கமும் சரக்குக் கூலியும் அதன்மேல்.

நிகழ்கால விலை விமானத்தில். உள்நாட்டு விமானங்களில் கைப்பை பொதுவாக 7 கிலோ. ரெகுலேட்டரைச் சரக்குப் பெட்டியில் வீசியெறிய விடாமல் கையிலேயே கொண்டுபோக விரும்புகிறவர், ஒவ்வொரு கிராமுக்கும் ஒரு சட்டையை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்.

எதிர்கால விலை சர்வீஸ். இதை யாரும் கடையில் கேட்பதில்லை, கடையும் சொல்வதில்லை. ஆண்டுக்கொருமுறை அல்லது 100 டைவ் என்று பல கம்பெனிகள் சொல்கின்றன. இரண்டாண்டு அவகாசம் தருகிறவையும் உண்டு. சர்வீஸ் என்றால் எண்ணெய் போட்டுத் துடைப்பது அல்ல. முழுதாகப் பிரித்து, அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி, ஓ-ரிங்குகளையும் வால்வு இருக்கைகளையும் புதிதாகப் போட்டு, குழாய் அழுத்தத்தை அளந்து திருத்திப் பூட்டுவது. ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்கு ஒரு கிட், செகண்டுக்கு ஒன்று, ஆக்டோபஸுக்கு ஒன்று, மூன்றுக்கும் கூலி. சில ஆண்டுகளில் இந்தத் தொகை பில்லில் இருந்த தொகையை எட்டிப் பிடிக்கும். எளிய பிஸ்டனுக்கு உறுப்புகள் குறைவு, ஆகவே கிட்டும் சிறிது, நேரமும் சிறிது. மலிவு என்பது இங்கேதான் மெய்யாக விளைகிறது. வாங்கும் நாளில் மிஞ்சுவது கொசுறு.

இன்னொன்று கூலியைவிடப் பெரியது: ஆள். உங்கள் பிராண்டைப் பிரிக்கத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இல்லையென்றால், ரெகுலேட்டர் ஒவ்வோர் ஆண்டும் கூரியரில் ஊர் சுற்றும். கிட் வரவில்லை என்று இரண்டு மாதம் அங்கே உட்காரும். டிசம்பர் லீவுக்கு நீங்கள் வாடகை ரெகுலேட்டரோடு இறங்குவீர்கள்.

சர்வீஸ் இல்லாச் சரக்குச் சரக்கன்று.

இது ஓரடி நூற்பா. இதை நடைமுறையாக்க ஒரு வழி சொல்கிறேன். நீங்கள் வழக்கமாகப் போகும் டைவ் ஷாப்பின் பின்கட்டுக்குப் போங்கள். வாடகை ரெகுலேட்டர்கள் வரிசையாகத் தொங்கும். எந்தப் பிராண்ட், எந்த மாடல் என்று பாருங்கள். அந்தக் கடையின் டெக்னீஷியன் அதை அடிக்கடி திறந்து மூடுகிறார், கண்ணைக் கட்டிவிட்டாலும் பூட்டுவார். கிட் அலமாரியில் இருக்கும். தினமும் மூன்று பேர் கடித்துப் பிழைத்திருக்கும் அந்த மாடல்தான் உங்களுக்குரியது. விமர்சகர்கள் எதைப் புகழ்கிறார்கள் என்பது அப்புறம்.

ஒழிபியல்

மேலே சொல்லாமல் விட்டவை.

பழைய ரெகுலேட்டர் வாங்கலாமா? வாங்கலாம், சாதகம் பார்த்துவிட்டு. யோக்கின் வாயில் ஒரு சிறிய உலோக வடிகட்டி இருக்கும், அதுவே சாதகம். வெளிர்சாம்பல் நிறம் சுபம். பச்சை என்றால் உள்ளே கடல்நீர் போயிருக்கிறது. அந்த வாய்க்கு மூடி போடாமல் அலசியவர் கைப்பட்டது. செம்பழுப்பு என்றால் ஏதோ எஃகு டேங்கின் துரு. கறுப்பு என்றால் கம்ப்ரசரின் கரி. பச்சையோ செம்பழுப்போ கறுப்போ கண்டவர் சர்வீஸ் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுக. கம்பெனி உதிரிபாகம் தருவதை நிறுத்திவிட்ட மாடலுக்குப் பேரமே வேண்டாம்.

இன்னொரு சோதனை காசில்லாமல் செய்யலாம். டேங்க் இல்லாமல், மூடியை இறுக்கிப் போட்டு, செகண்ட் ஸ்டேஜை வாயில் வைத்து இழுக்கவும். காற்றே வராமல் நாக்கு இழுபட்டால் நன்று. மெல்ல மெல்லக் காற்று கசிந்து வந்தால் டயஃப்ரத்திலோ வெளிவிடும் வால்விலோ ஓட்டை. கடலில் அதே வழியாகத் தண்ணீர் வரும்.

டைவ் முடிந்து நன்னீரில் ஊறவைக்கும்போது மூடி போட்டிருக்க வேண்டும், பர்ஜ் பட்டனைத் தொடக்கூடாது. காற்றழுத்தம் இல்லாதபோது அதை அமுக்கினால் தண்ணீர் குழாய் வழியாக ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வரை நடந்துபோகும். ‘நன்றாகக் கழுவுகிறேன்’ என்று வாளிக்குள் பட்டனை அமுக்கிக்கொண்டிருப்பவர்களை ஒவ்வொரு படகிலும் பார்க்கிறேன். அன்பாகத் தடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. சர்வீஸிலிருந்து வந்த ரெகுலேட்டரை நேரே ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். புதிதாகப் போட்ட வால்வு இருக்கை படிந்து உட்காரச் சற்று நேரம் ஆகும். தவறாகப் பூட்டியிருந்தாலும் அந்த நேரத்தில்தான் தெரியும். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே சர்வீஸை முடித்து, பயிற்சி நடக்கும் நீச்சல்குளத்தில் ஒரு டேங்க் கேட்டு வாங்கி, அரை மணி நேரம் அதில் மூச்சுவிட்டுப் பாருங்கள். சொட்டினால் டெக்னீஷியன் பக்கத்திலேயே இருப்பார்.